எங்கள் தோட்டத்துப் புகை எவ்வளவு உயரம் போனது

நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிளேன்டீ குடித்து முடித்ததும் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மேடம், கோவிச்சிக்காதீங்க. கீழ்த் தோட்டத்துப் பொகக் கூடத்த நீங்கதான் மூட வச்சீங்கன்னு சிலபேர் சொல்றாங்க. நீங்கதான் காப்பாத்தினீங்கன்னும் சொல்றாங்க. எது உண்மை?"

இரண்டும் இல்லை என்றேன். ஆனால் அந்தப் பதில் அவர்களுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ருவான்வெல்லைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாவுக்குப் புகைக் கூடத்தில் வேலை. உறைந்த ரப்பர் பாலை உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, அந்த ஷீட்களைக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகையில் காயவைக்கும் கட்டடம் அது. உள்ளே வெள்ளையாகப் போகும் ஷீட் தேன் நிறத்தில் வெளியே வரும். கண்ணைக் கசக்கிக்கொண்டே அம்மா உள்ளே போய்த் தொங்கவிடுவார், கண்ணைக் கசக்கிக்கொண்டே வெளியே வருவார். என் அண்ணன் அந்தோனி வளர்ந்ததும் அங்கேயே அடுப்புப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். இந்த இரண்டு பேரின் உழைப்பில்தான் நான் விஞ்ஞானம் படித்தேன்.

தோட்டத்துக்கு நேர் மேலே மலையில் இருந்த வளிமண்டல ஆய்வு நிலையத்தில் எனக்குத் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்தது. மழை தரும் மேகங்களுக்கும் மேலே, பதினாறு பதினேழு கிலோமீட்டர் உயரத்தில், காற்றில் மிதக்கும் நுண்துகள்களை எண்ணுவதும் அவை எங்கிருந்து வருகின்றன என்று தேடுவதும்தான் அங்கே வேலை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் வெயிலைத் தடுக்கின்றன, மேகத்தை மாற்றுகின்றன. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கம்பிகளைப் பற்றவைக்கவும், பலூனைக் காற்றுக்கு எதிராகப் பிடித்து நிற்கவும், கூட்டங்களில் சிங்களத்தில் பயமில்லாமல் பேசவும் கற்றுக்கொண்டேன்.

மற்ற எல்லாவற்றையும் நந்தசேன சேரிடம் கற்றேன். அவர்தான் நிலையப் பொறுப்பாளர். மெலிந்த மனிதர்; கழுத்துப் பொத்தான் வரை போட்ட அரைக்கைச் சட்டை; சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யார் எந்த முடிவைக் கொண்டுபோனாலும் அவரிடம் இரண்டு கேள்விகள் இருக்கும். முதலில், "என்ன பார்த்தீங்க?" அதற்குப் பதில் வந்த பிறகுதான், "என்ன நினைக்கிறீங்க?" இரண்டையும் கலந்து சொன்னால் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். நாமாகவே திரும்ப ஒழுங்காகச் சொல்லும்வரை அந்தப் பேனா அங்கேயே கிடக்கும். என்னோடு சிங்களத்தில்தான் பேசுவார். தமிழ் பேச வராது. ஆனால் காதில் விழுந்தால் விளங்கும்.

நாங்கள் பலூனில் கட்டி அனுப்பும் பெட்டி, ரெஜிபோம் என்ற இலேசான வெள்ளை நுரைப் பலகையில் செய்தது. உள்ளே ஒரு சின்னப் பம்ப் காற்றை இழுக்கும். அந்தக் காற்று ஒரு லேசர் ஒளியைக் கடக்கும்போது ஒவ்வொரு துகளும் ஒரு பொறி மாதிரி மின்னும். பெட்டி அந்த மின்னலை எண்ணி, ரேடியோ வழியாகக் கீழே சொல்லிக்கொண்டே போகும். விடுவதற்கு முன் காற்று நுழையும் வாயில் வடிகட்டியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். துகளே இல்லாத காற்றுக்குப் பெட்டி பூச்சியம் காட்ட வேண்டும். ஒன்று காட்டினாலும் நந்தசேன சேர் விடமாட்டார். பெட்டியைத் திறந்து ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொரு பெட்டியில் துகள்களைப் பிடித்துவரும் மெல்லிய தாள் இருக்கும். அதோடு, மேலே போகாத வெறும் தாள் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். நான் சேர்ந்த புதிதில் அந்த வெறும் தாளில் மரப்புகையின் கரி இருப்பதாகப் பதில் வந்தது. சேர் என்னைக் கூப்பிட்டார். கோபமில்லை; எப்போதும் போல நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் தொடங்கினார்.

"நங்கி, உங்க உடுப்ப எங்க காயப் போடுறீங்க?"

"லயத்து வாசல்ல சேர்."

"வாசலுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"புகைக் கூடம் சேர்."

"சரி. இனி ஒரு சோடி உடுப்ப இங்கேயே கழுவி இங்கேயே காயப் போடுங்க."

அன்றிலிருந்து நிலையத்துக்கு வந்ததும் உடுப்பு மாற்றினேன். பவுடர், வாசனை எண்ணெய், சாம்பிராணி எல்லாம் பலூன் விடும் நாட்களில் இல்லை. மாலையில் பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு லயத்துக்கு இறங்குவேன்.

பலூன் முப்பது கிலோமீட்டர் வரை ஏறி, ஊதிப் பெருத்து வெடிக்கும். பெட்டிகள் பரசூட்டில் இறங்கும். அவற்றைத் தேடிப் போவது தனி வேலை. ஒருமுறை றக்வானவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கிவிட்டது. பஸ் வளைந்து வளைந்து ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தார், அடுப்புக்கு மேலே விறகுப் பரணில்.

"நனையக் கூடாதுன்னு தமிழ்ல எழுதியிருந்துச்சுங்க. அதான் காயுற எடத்துல வச்சேன்," என்றார்.

அந்தத் தமிழை எழுதியவளே நான்தான். பலூன் வெடித்தவுடன் தாள் இருக்கும் பெட்டியின் வாயைத் தானாக மூடிவிடும் ஏற்பாடு இருந்ததால் தப்பினோம். சேர் அந்த அம்மாவைக் கும்பிட்டு நன்றி சொன்னார். திரும்பி வரும் வழியில், "அடுப்புக்கு மேலே வைக்க வேண்டாம் என்றும் எழுதுங்க," என்று மட்டும் சொன்னார்.

இப்படிப் பல வருடம் அனுப்பி, பல தாள்களைப் பார்த்த பிறகு ஒரு விஷயம் தெளிவானது. தென்மேற்கு மழைக்காலத்தில் எங்கள் தலைக்கு மேலே, மிக உயரத்தில், மெல்லிய துகள் படலம் ஒன்று உண்டாகிறது. தாள்களில் இருந்தது பெரும்பாலும் வயல் உரத்திலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் கிளம்பும் அமோனியா, வாகனப் புகை, ஆலைப் புகை ஆகியவற்றிலிருந்து உண்டான உப்புகள். வடக்கே விரிந்து கிடக்கும் பெருநிலத்தின் காற்றை மழைமேகக் கோபுரங்கள் உறிஞ்சி மேலே தள்ளுகின்றன. அது அங்கே பரவி எங்கள் மேலும் வந்து நிற்கிறது. ஒரு ஊரின் புகை அல்ல அது. கோடிக்கணக்கான மக்களின் அன்றாட வாழ்க்கை.

இந்த முடிவு எப்படியோ ஒரு பத்திரிகைக்குப் போய், சப்ரகமுவ வானத்தில் புகைப் படலம் என்று தலைப்பாக வந்தது. எங்கள் மாகாணமான சப்ரகமுவையில் புகை எங்கே? ரப்பர்த் தோட்டத்துப் புகைக் கூடத்தில். படித்தவர்கள் அப்படித்தான் முடிச்சுப் போட்டார்கள். எங்கள் தோட்ட நிர்வாகத்துக்கு வெகுநாளாகவே அந்தக் கூடத்தை மூடிவிட்டுப் பாலை அப்படியே வெளியே விற்கும் எண்ணம் இருந்தது. பத்திரிகைத் துண்டை வெட்டி, காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டி, பக்கத்தில் அறிவித்தலும் போட்டார்கள். ஆய்வு நிலையத்தின் கண்டுபிடிப்பின்படி புகைக் கூடம் மூடப்படும் என்று அதில் இருந்தது.

மறுநாள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பெருமாளும் என் அண்ணனும் மலையேறி நிலையத்துக்கு வந்தார்கள். அண்ணன் அதற்கு முன் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பெருமாள்தான் பேசினார். "ஐயா, நாப்பது குடும்பம் அந்தக் கூடத்த நம்பி இருக்கு. எங்க பொக வானத்துக்குப் போவுதுன்னு நீங்க சொன்னதாச் சொல்றாங்க. சொன்னீங்களா?"

நான் சிங்களத்தில் சொன்னேன். சேர் சொன்ன பதிலைத் தமிழாக்கினேன்.

"நாங்க அப்படிச் சொல்லல. ஆனா இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது. எங்க பலூன் எல்லாம் இந்த மலையிலிருந்துதான் போகுது. இதுக்குக் கீழ, உங்க பள்ளத்துல என்ன இருக்குன்னு நாங்க ஒருநாளும் பார்த்ததில்ல. உங்க மைதானத்துல இருந்து ஒரு பலூன் விடுறேன். எல்லாரும் பாருங்க. என்ன வந்தாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்லுவேன். ஒரே ஒரு நிபந்தனை. அன்னைக்கும் மற்ற நாள் மாதிரியே கூடம் எரியணும்."

பெருமாள் சம்மதித்தார். நிர்வாகமும் சம்மதித்தது, அவர்களுக்குத் தாங்கள் வெல்வோம் என்ற நம்பிக்கை.

பலூன் விடுவதற்கு முந்தின நாள் மாலை, அம்மா அடுப்பங்கரையில் இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமல் எங்கள் வீட்டில் யாரும் கவனிக்காத அளவுக்குப் பழகிப்போன ஒன்று. அண்ணன் என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, நாளைக்கி ஒரு நாள் ஈர வெறகு போடாம, கொஞ்சமா எரிக்கவா? யாருக்கும் தெரியாது. கூடத்துல உள்ள எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

என் மனதில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. அவர் கையில் வேலை இருந்தால்தான் அம்மாவுக்கு மருந்து. ஆனால் குறைத்து எரித்து வரும் முடிவு ஒரு நாளைக்குத்தான் நிற்கும். அடுத்த முறை வேறு யாராவது வந்து அளந்தால் எங்கள் சனம் பொய்யர்களாகிவிடும். அதைவிட, மேலே இருப்பது எங்கள் புகை இல்லை என்று எனக்குத் தாள்களிலிருந்து ஏறக்குறைய நிச்சயமாகத் தெரியும்.

"வேணாம்ணே. எப்பவும் போல எரிங்க."

"நீ சொல்றியா?"

"ஆமா, நான்தான் சொல்றேன்."

"அப்ப சரி," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மழை சில நாள் விட்டிருந்தது. விடிந்தபோது பள்ளம் முழுக்க வெண்மையாக இருந்தது. பனியா புகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பால் வெட்டப் போகவேண்டியவர்கள் கூட வாளியோடு மைதான ஓரத்தில் நின்றார்கள். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். பெரிய தொர, அதாவது தோட்ட முகாமையாளர், ஜீப்பில் சாய்ந்து நின்றார். பலூன் மெல்ல மெல்ல நிமிர்ந்தபோது யாரோ, "இது ரப்பர்ல செஞ்சதுதானே? நம்ம பாலா இருக்குமோ?" என்று கேட்க, கூட்டம் சிரித்தது. அன்றைக்குச் சிரித்த ஒரே தடவை அதுதான்.

வடிகட்டியைப் பொருத்தினேன். பூச்சியம். கழற்றினேன். அந்த நொடியே எண்கள் பாய்ந்து ஏறின. சேர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நான் பலூனை விட்டேன்.

பலூன் வெண்மைக்குள் நுழைந்து, வெளியே வந்து, வெயிலில் மின்னி, சிறுத்து மறைந்தது. ஆட்கள் கலைந்து வேலைக்குப் போனார்கள். நாங்கள் ஒரு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, பலூன் வெடிக்கும்வரை கோடு வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெடித்த பிறகு சேர் கேட்டார்.

"என்ன பார்த்தீங்க?"

"தரையிலிருந்து லயத்துக் கூரைகளுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் அடர்த்தியான படை. இந்தப் பெட்டியில் இவ்வளவு அடர்த்தியை நான் கண்டதில்ல. அதுக்கு மேல சட்டென்று குறையுது. பிறகு வெகு உயரத்துக்குக் காற்று சுத்தம். பதினாறு கிலோமீட்டருக்கு மேல, இந்தக் காலத்துல வழக்கமா வரும் மெல்லிய படலம்."

"என்ன நினைக்கிறீங்க?"

நான் எங்கள் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்தார். ஆனால் அன்று அவர் காத்திருக்கவில்லை.

"பின்னேரம் எல்லாருக்கும் முடிவைச் சொல்ற கூட்டத்துல தமிழாக்க வேற ஆளப் பார்க்கலாம், நங்கி. கரவனெல்லையில் எனக்குத் தெரிந்த தமிழ் ஆசிரியர் ஒருத்தர் இருக்கார். உங்க அம்மா, உங்க அண்ணன் இருக்கிற இடம். நீங்கதான் சொல்லணும் என்று இல்ல."

"அவர் சொன்னா மொழிபெயர்ப்பில் பிழைன்னு சொல்லுவாங்க சேர். நான் சொன்னா அப்படிச் சொல்ல மாட்டாங்க."

அவர் தலையசைத்தார்.

தேவாலய மண்டபத்தில் கூட்டம். உட்கார இடமில்லாமல் சன்னல்களிலும் ஆட்கள். சேர் ஒரு வாக்கியம் சிங்களத்தில் சொல்வார், நிறுத்துவார். நான் தமிழில் சொல்வேன்.

"வானத்துல இருக்கிறது உங்க பொக இல்ல. உங்க பொக அவ்வளவு ஒசரம் போகவே இல்ல. நடுவுல முழுக்கச் சுத்தமான காத்து இருக்கு."

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. பெருமாள் எழுந்து பெரிய தொரையைப் பார்த்தார். தொர தலை குனிந்தார். அண்ணன் முன்வரிசையில் இருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் கண்டதே இல்லை. அந்த இடத்தில் கூட்டத்தை முடித்துவிடலாம். முடித்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சேர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். சிங்களம் தெரிந்த பாதிப்பேருக்கு முதலிலேயே விளங்கிவிட்டது. ஆனாலும் எல்லாரும் என் வாயைத்தான் பார்த்தார்கள்.

"காலையில குளிர்காத்து பள்ளத்துக்கு மூடி போட்ட மாதிரி நிக்கிது. அதனாலதான் பொக மேல போகல. போகாத பொக லயத்துலதான் இருக்கு. நம்ம வீடுகளுக்குள்ளதான் இருக்கு. அதத்தான் நாங்க மூச்சா இழுக்கிறோம். புள்ளைங்களும்தான்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "நம்ம வூட்டுப் புள்ளையே நம்ம அடுப்புல தண்ணி ஊத்துதே!"

அண்ணன் எழுந்தார். சத்தம் போடவில்லை.

"ஸ்டெல்லா, அடுப்பக் கொறைக்க வேணாம்னு சொன்னது நீதானே?"

"ஆமாண்ணே."

"இதுக்கா?"

சேர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு விளங்கியிருக்கும். இருந்தாலும் அண்ணன் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லத்தானே அங்கே நின்றேன். அவர் பதிலை அண்ணனுக்கே சொன்னார், நான் தமிழாக்கினேன். "நீங்க ஒழுங்கா எரிச்சதாலதான், வானத்துப் புகை உங்களோடது இல்லைன்னு இனி யாரும் மறுக்க முடியாது."

அண்ணன் அதை முழுக்கக் கேட்டார். பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெரிய தொர இப்போது தலை நிமிர்ந்திருந்தார். "அப்படியென்றால் எப்படியும் மூடத்தானே வேண்டும்?" என்று சேரிடம் கேட்டார்.

"மூடச் சொல்லி நான் ஒன்றும் சொல்லல. புகை எங்க நிற்குதுன்னு சொன்னேன். ஆட்கள் தூங்குற இடத்தில் அது நிற்கக் கூடாது. அதுக்கு வழி பார்க்க வேண்டியது நீங்க."

பெருமாள் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப கூடத்த மேட்டுக்கு மாத்துங்க. ஒசரமா சிம்னி வச்சுக் கட்டுங்க. மூடுறதுக்கு நாங்க ஒத்துக்க மாட்டோம்."

நிர்வாகத்தார் நிலையத்தின் பெயரில் போட்ட அறிவித்தலைக் கிழித்தார்கள். ஆனால் கூடத்தை மூடினார்கள். மேட்டில் கட்டுவதாக வாக்குக் கொடுத்து, கட்டாமல் இழுத்தடித்தார்கள். வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, மறுபடி வேலைநிறுத்தம். அண்ணன் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போனார். அம்மாவோடு தொலைபேசியில் பேசுவார், என்னோடு பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சில பெண்கள் என் பக்கத்தில் உட்காராமல் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது குறைந்திருந்தது எனக்குத் தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கரவனெல்லை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா என்ன வேலை செய்தார் என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். எத்தனை காலம் என்று கேட்டார். என் நினைவு தெரிந்த காலம் முழுக்க என்றேன். ஒக்சிசன் குழாயை விலக்கிக்கொண்டு அம்மா என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு இது: "அந்தோனி வருவான். நீ மொதல்ல பேசு. அவன் மொதல்ல பேச மாட்டான்."

பேசினேன். அடக்கத்துக்கு வேண்டிய பேச்சு மட்டும் இருவருக்கும் இடையில் இருந்தது. குழியருகே பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மறுநாள் அவர் கொழும்பு பஸ் ஏறிவிட்டார்.

கடைசியில் கூடம் மேட்டில் எழுந்தது. லயங்களைத் தாண்டி, உயரமான சிம்னியோடு. பழைய ஆட்களில் பாதிப்பேருக்குத்தான் இடம் கிடைத்தது. மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். இன்றும் என்னைப் பார்த்தால் பேசாதவர்கள் இருக்கிறார்கள். பெருமாள் கொழும்புக்கே போய், புதுக் கூடத்து அடுப்பு வேலைக்கு அண்ணனை அழைத்துவந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, லயத்துக் காற்றை ஒரு வருடம் தொடர்ந்து அளக்க அனுமதி வாங்கினேன். நந்தசேன சேர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். கயிற்றில் கட்டிய சின்னப் பலூனை லயத்து வாசலிலிருந்து ஏற்றி இறக்குவோம். ஒருநாள் காலை வேலை முடிந்து இறங்கி வந்த அண்ணன், என் அருகில் நின்றார். கணினியைப் பார்த்தார். எங்களுக்குள் தானாகப் பேச்சு வந்து வெகுகாலமாகியிருந்தது.

"என்ன காட்டுது?"

"கொறைஞ்சிருக்குண்ணே. இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது. வீட்டு அடுப்புப் பொக இருக்கு, றோட்டுப் பொக இருக்கு."

"அம்மா இருந்தப்ப எவ்வளவு?"

"அப்ப இங்க யாரும் அளக்கலண்ணே. ஒரே ஒரு காலையிலதான் அளந்தோம். நீங்க வழக்கம் போல எரிச்ச அன்னைக்கி."

அவர் மேட்டுச் சிம்னியைப் பார்த்தார்.

"நல்லவேள, அன்னைக்கிக் கொறைக்கல," என்றார்.

பிறகு, கயிறு இழுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.